கழற்ற மறந்த ரிசீவர்

போனில் மெயிலைத் திறக்கும் முன் இதைப் படித்துவிடு.

மதியம் உன் கம்ப்யூட்டரை ஆன் செய்து என் மெயிலைத் திறந்தேன். நேற்று நிலம் அளந்துவிட்டு வந்து நீ கேபிளில் மாட்டிய ஜிபிஎஸ் ரிசீவர் இன்னும் அதிலேயே இருந்ததைக் கவனிக்கவில்லை. திடீரென்று திரையில் அம்பு பேய் பிடித்த மாதிரி ஓடியது. தானாகவே எதையெதையோ திறந்தது. கண்ணில் பட்ட வயரையெல்லாம் பிடுங்கினேன். ரிசீவர் கேபிளைப் பிடுங்கிய பிறகுதான் நின்றது. நீ சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது: “என்னங்க, ரிசீவரைக் கழட்டாம ஆன் பண்ணாதீங்க. கம்ப்யூட்டர் அதை மவுஸ்னு நினைச்சுக்கும்.”

அதற்குள் என் மெயிலில் அனுப்பாமல் கிடந்த ஒரு கடிதம் உனக்குப் போய்விட்டது. போன வருஷம் பத்து நாள் பேசாமல் இருந்தோமே, அப்போது எழுதியது. உன்னை விட்டுவிட்டு, பாப்பாவைக் கூட்டிக்கொண்டு என் அக்கா வீட்டுக்கே போய்விடுகிறேன் என்று அதில் இருக்கும். நாலு தடவை போன் செய்தேன். மீட்டிங்கில் அணைத்து வைத்திருக்கிறாய்.

வீடு காலியாக இருக்கிறதே என்று பதறாதே. பாப்பாவுக்குப் பல் வலி, டாக்டரிடம் போகிறோம். ஆறு மணிக்குள் வந்துவிடுவோம். சாப்பாடு அடுப்பின் மேல் மூடியிருக்கிறது. குழாய் ரிப்பேர்காரர் வந்தால் பின்கதவுச் சாவி ஆணியில் தொங்குகிறது.

பாப்பாவின் துணியெல்லாம் அலமாரியில்தான் இருக்கிறது. திறந்து பார்.

இன்னொன்று. பழியை ரிசீவர் மேல் போட்டுத் தப்பிக்கத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அனுப்பியது நான் இல்லை. எழுதியது நான்தான்.