மெயினுக்கு வராமல் நின்ற உன் கிளை

இன்று காலை, புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் சுகந்தி திரையைக் காட்டிக் கேட்டாள்: “அண்ணா, இந்தப் பழைய பிராஞ்ச அழிக்கட்டா? ஒருத்தரும் தொடாமக் கிடக்கு.” உன் பெயர் போட்ட கிளை; மெயின் என்கிற மூல நிரலில் சேராமல் தனியாக நிற்கும் பிரதி. நெல் ஆலைகளுக்காக நாம் இருவரும் எழுதிய மென்பொருளில் நீ கடைசியாகக் கைவைத்த இடம். “பொறு புள்ள” என்று மட்டும் சொன்னேன். பிளேன்டீ மேசையிலேயே ஆறிப்போனது.

நாம் அடித்த கூத்து உனக்கு மறந்திருக்காது. பெரும்போகத்துக்கு ஒரு கிளை, சிறுபோகத்துக்கு ஒரு கிளை என்று நிரலைப் பிரித்துவைத்துவிட்டு, அதை என்னவோ பெரிய மூளை என்று இரண்டு பேரும் நினைத்துத் திரிந்தோமே! ஈர நெல்லுக்குக் கழிக்கும் நிறையை ஒரு கிளையில் திருத்தினோம். மற்றதில் பழைய பிழை அப்படியே கிடந்தது. அறுவடை தொடங்கிய பிறகு இரண்டையும் ஒன்றாக்கப் போனால் வரிக்கு வரி முட்டிக்கொண்டது. நிறுக்க முடியாமல் கிரான் ஊர் ஆலை வாசலில் நெல் ஏற்றிய உழவு இயந்திரங்கள் வரிசை கட்டி நிற்க, ஆலை முதலாளி போனில் கத்தினார்: “தம்பிமார், மழை இருட்டுது. நெல்லு நனைஞ்சா நீங்களா காயவைப்பீங்க?”

அன்றுதான் நீ சட்டம் போட்டாய். “இனி மெயின் ஒண்டுதான் மச்சான். பிராஞ்ச் போட்டா அண்டைக்கே மெயினுக்கு வரவேணும். ஒருத்தன் எழுதினா மத்தவன் பாத்திட்டுத்தான் சேர்க்கிற.” இரண்டு பேருக்கு எதற்கடா இந்தக் கம்பனிச் சட்டம் என்று சிரித்தேன். “ரெண்டு பேர் எண்டபடியாத்தான் வேணும்” என்றாய். அதன்பிறகு ஒரு அறுவடையிலும் நாம் ஏச்சு வாங்கவில்லை.

அந்தச் சட்டத்தை மீறி நின்றது உன் கடைசிக் கிளைதான். திரையை வாசிக்கத் தெரியாத வெள்ளாமைக்காரருக்குத் தராசின் நிறையை இலக்கம் இலக்கமாகச் சொல்வதற்கு உன் குரலையே பதிந்து, என்னைப் பார்க்கச் சொல்லி அனுப்பியிருந்தாய். நான் திறப்பதற்குள் உன் ஊர் காத்தான்குடியிலிருந்து, உயிர் பிரிந்து நீ மௌத்தான செய்தி வந்துவிட்டது. பிறகு உன் குரலைக் கேட்கிற தைரியம் எனக்கு வரவில்லை. பார்க்காமல் சேர்க்கவும் முடியாது, அழிக்கவும் மனம் இல்லை.

இன்று கேட்டேன். நீ எழுதியது, நான் பார்க்க வேண்டியது. சட்டம் சரியாகத்தானே இருக்கிறது? பூச்சியம், ஒன்று, இரண்டு... ஏழு வந்ததும் இருமினாய். கீழே உன் குறிப்பு: “ஏழில இருமல் கிடக்கு மச்சான். நாளைக்கு வந்து திருப்பிச் சொல்லுறன்.” அழுதேன். சுகந்தி எழும்பி வெளியே போய்விட்டாள், நல்ல பிள்ளை.

பழைய கிளை என்பதால் பல இடங்களில் முட்டியது. நான் அவிழ்த்தேன், அவள் பார்த்தாள், மெயினில் சேர்த்தோம். இருமலை வெட்டிவிடலாம் என்று அவள் சொன்னபோது வேண்டாம் என்றேன். உன் சட்டத்தை அவளுக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். என்னிடம் இருப்பது அதுவும் உன் பத்து இலக்கங்களும்தான்.

பின்னேரம் கிரான் ஆலையில் போட்டுப் பார்த்தோம். தராசில் மூடையை வைத்த பெரியவர் காதைக் கொடுத்துக் கேட்டார். “ஆறு... ஏழு...”

“ஆர் தம்பி இருமுறது?”

“என்ர கூட்டாளி, ஐயா.”

“ஆளக் கொத்தமல்லி அவிச்சுக் குடிக்கச் சொல்லு. மறந்திராத.”

ஓம் என்றேன். மறக்கவில்லை, சொல்லிவிட்டேன் மச்சான்.