இரண்டாம் ஜன்னலுக்கு அப்பால்

நோங்காய்,
2 பிப்ரவரி 2011

அன்பு மகன் அர்னெலுக்கு,

பிலிப்பைன்ஸ் திரும்ப நீ அனுப்பிய விமான டிக்கெட் வந்து சேர்ந்தது. எனக்கென்று மாடியில் அறை கட்டியதை மருமகள் மெர்லி எழுதியிருந்தாள். மனம் நிறைந்தது. ஆனாலும் டிக்கெட்டை இப்போது பயன்படுத்த மாட்டேன். கோபப்படாதே.

பதினேழாம் தேதி வியாழக்கிழமை, பிராசோங்கின் வேனில் தாய்லாந்து அனுமதியைப் புதுப்பிக்கும் வழக்கமான பயணம். பாலத்தைக் கடந்து லாவோஸ், முதல் ஜன்னலில் உள்ளே முத்திரை, இரண்டாம் ஜன்னலில் வெளியே முத்திரை, மதியச் சாப்பாட்டுக்குத் தாய்லாந்து. இன்னொரு அறுபது நாள் தங்கலாம். பதினொரு முறை லாவோஸ் போயிருக்கிறேன்; அந்த இரண்டு ஜன்னலைத் தவிர எதையும் பார்த்ததில்லை. கடலுக்குப் போய்க் கால் மட்டும் நனைத்துவிட்டு வருவதைப் போல.

உன் அம்மா,
தியோடோரா

இலோயிலோ,
11 பிப்ரவரி 2011

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். நீங்கள் இருபத்தொரு வருடம் அங்கே கணக்கு சொல்லிக்கொடுத்தீர்கள், சரி. பள்ளி ஓய்வு கொடுத்து அனுப்பிவைத்து இரண்டு வருடம் ஆகிவிட்டது. அறுபத்தாறு வயதில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வேனில் ஏறி, தங்கவிடுங்கள் என்று யாரிடமோ கேட்டு நிற்கிறீர்கள். பக்கத்து வீட்டுக்காரர், "உங்கம்மாவை அங்க ஏதாச்சும் கேஸ்ல மாட்டிவிட்டுட்டாங்களா?" என்று கேட்கிறார்.

கேட்க எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. அங்கே இப்போது நீங்கள் யார், அம்மா? இங்கே என் அம்மா. அது போதாதா?

அன்புடன்,
அர்னெல்

வியந்தியான்,
27 பிப்ரவரி 2011

அன்பு அர்னெல்,

உறையின் மேல் லாவோஸ் ஊர்ப் பெயரைப் பார்த்துப் பயந்திருப்பாய். நன்றாக இருக்கிறேன்.

வேனில் ஏறும் முன்தான் தபால்காரர் உன் கடிதத்தைக் கொடுத்தார். வழியெல்லாம் அந்தக் கேள்வியையே படித்தேன். இரண்டு ஜன்னலும் முடிந்து, தாய்லாந்துக்குள் திரும்ப நுழையும் படிவத்தில் 'தொழில்' என்றொரு கட்டம் உண்டு. எப்போதும் காலியாக விடுவேன், யாரும் கேட்டதில்லை. அன்று உன் மேல் இருந்த கோபத்தில் 'ஆசிரியை' என்று எழுதிவிட்டேன்.

அதிகாரி இளைஞர், மரியாதையாகத்தான் பேசினார்.

"டீச்சர்னு போட்டிருக்கீங்க. சுற்றுலா அனுமதியில வந்து வேலை பாக்குறீங்களா?"

"இல்லப்பா. ஓய்வு பெற்று ரெண்டு வருஷமாச்சு."

"அப்போ அதை அடிச்சிட்டு 'வேலை இல்லை'ன்னு எழுதுங்கம்மா. முத்திரை போட்டுடறேன்."

பேனாவை எடுத்தேன். கை போகவில்லை, அர்னெல். பின்னால் இருந்து பிராசோங் கத்தினான்: "டீச்சரம்மா, ஒரே ஒரு கோடுதானே! பதினொரு பேர் பசியில நிக்கிறோம்."

"நீங்க கிளம்புங்க."

"இந்தம்மாவோட பிடிவாதத்துக்கு வேன்ல தனி சீட்டு போடணும்!" என்று திட்டிக்கொண்டே என் பையை இறக்கி வைத்தான். தன் தண்ணீர் பாட்டிலையும் சேர்த்து.

அதிகாரி சட்டப்படி செய்தார். நான் பாலத்தில் திரும்பி வந்தேன். லாவோஸ் முப்பது நாள் கொடுத்தது. முதல் முறையாக ஜன்னல்களைத் தாண்டி உள்ளே நடந்தேன்.

நம் ஊர்ப் பெண் ஜோவிதா இங்கே ஒரு சிறிய பள்ளியில் வேலை செய்கிறாள்; நோங்காயில் தேவாலயத்தில் பழக்கம். அவள் அறையில் தங்கினேன். அவள் பள்ளியில் கணக்கு ஆசிரியர் பாதியிலேயே போய்விட்டாராம். தலைமையாசிரியைக்கு உன் வயதுகூட இருக்காது. "ஒரு மாதிரி வகுப்பு எடுத்துக் காட்டுங்க, பார்க்கலாம்" என்றாள். நான் எத்தனை பேரை இப்படிப் பின்வரிசையில் உட்கார்ந்து பரிசோதித்திருக்கிறேன்! முதல் எண்ணை எழுதும்போதே சுண்ணக்கட்டி இரண்டாக உடைந்தது.

பின்னம் எடுத்தேன். இங்கே சோற்றை மூங்கில் கூடையில்தான் வைப்பார்கள். "அரைக் கூடை சோறு இருக்கு. ஆளுக்குக் கால் கூடை. எத்தனை பேர் சாப்பிடலாம்?"

"ரெண்டு பேர்!" என்றது வகுப்பு.

கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி, "எங்கண்ணன் வந்தா அவன் ஒருத்தனுக்கே பத்தாது, டீச்சர்!" என்றாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன்.

பள்ளியில் எனக்காக வேலை அனுமதிக்கு விண்ணப்பித்திருக்கிறார்கள். என் வயதைக் காட்டி மறுக்கவும் கூடும். மறுத்தால் உன் டிக்கெட்டில் வருகிறேன். முணுமுணுக்காமல் வருவேன்.

அம்மா

இலோயிலோ,
12 மார்ச் 2011

அம்மா,

'அங்கே நீங்கள் யார்' என்ற அந்த வரியை நான் எழுதியிருக்கக் கூடாது. மெர்லி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் மறுபடி கேட்டார். "எல்லையில 'வேலை இல்லை'ன்னு எழுதச் சொன்னாங்களாம். எங்கம்மா மாட்டேன்னு திரும்பி நடந்துட்டாங்க" என்றேன். ஏனோ சத்தமாகச் சொன்னேன். தெருவில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

உங்கள் அனுமதியை மறுத்துவிட வேண்டும் என்று நேற்றுவரை ஜெபித்தேன். இன்று மாற்றிக்கொண்டேன்.

அர்னெல்

வியந்தியான்,
4 ஏப்ரல் 2011

என் அன்பு மகனே,

அனுமதி கிடைத்துவிட்டது, முப்பது நாள் முடிவதற்கு முன்பே. ஒரு வருடத்துக்கு. கடவுச்சீட்டில் ஒரு முழுப் பக்கம். டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடு. மாடி அறையில் மெர்லி தையல் இயந்திரத்தைப் போட்டுக்கொள்ளட்டும். விடுமுறையில் வரும்போது ஓரமாகப் படுத்துக்கொள்கிறேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை, பாத்திரங்களையும் புத்தகங்களையும் எடுத்துவர நோங்காய் போனேன். பாலத்தில் அதே இளைஞர் இருந்தார். என்னைக் கண்டதும் படிவத்தை அவரே எடுத்துப் பார்த்தார். பிறகு கடவுச்சீட்டைப் புரட்டி, புதிய பக்கத்தை நிதானமாகப் படித்தார். எழுந்து நின்று கைகூப்பினார்.

"இந்தத் தடவை எத்தனை நாள் வேணும், டீச்சர்?"

"ஒரு நாள் போதும்ப்பா. நாளைக்கு ஏழாம் வகுப்புக்குப் பரீட்சை."

உன் அம்மா,
தியோடோரா, ஆசிரியை