மூன்று கம்பெனியும் என் செல்லும்

12-6, திங்கள்
காலையிலேயே அனல். அத்திப்பட்டு யார்டு முழுக்கக் கரித்தூள். தூசிக்குத் தெளிக்கிற தண்ணி வண்டி வரவில்லை.

கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. எங்கள் கரி யார்டு, லாரி கம்பெனி, கும்மிடிப்பூண்டி ஃபேக்டரி, மூன்றும் கூட்டு. அங்கே பாய்லருக்குக் கரி குறைந்தால் இங்கே திரையில் தெரியுமாம். எந்த லாரிக்கு டர்ன் என்று டிரைவர் செல்லுக்கு அதுவே மெசேஜ் போடுமாம். இத்தனை வருஷம் டர்னைக் கத்திக் கூப்பிட்டவன் நான்.

அதில் உட்காரப்போவது யூசுப் பாய். என்னோடு கேட்டில் நின்றவன்தான். ஆனால் பத்தாவது பாஸ். நான் நாலாவது. அவனுக்குச் சுழல் நாற்காலி.

"இன்னா பாய், ராட்டினம் ஏறிட்டியா? டிக்கெட்டு எவ்ளோ?" என்றேன். எல்லோரும் சிரிப்பு. எனக்கு வயிற்றெரிச்சல்.

மேனேஜர் சொன்னது: இது ஓட ஆரம்பித்தால் யார்டுக்கு ஒரு ஆள் போதும்.

13-6, செவ்வாய்
லாரி கம்பெனி கிளார்க் டிரைவர்களிடம் செல் நம்பர் வாங்கினார். பாதிப் பேரிடம் செல்லே கிடையாது. இருந்தும் எல்லோரும் ஏதோ நம்பர் சொன்னார்கள்.

வாங்க: சோப்பு, பீடி, பெண்டாட்டி சரோஜாவுக்குத் தைலம்.

யூசுப் ரூமுக்கு ஏ.சி. கம்ப்யூட்டருக்காகவாம். அதுக்கு வேர்க்குமா?

14-6, புதன்
மூன்று கம்பெனி ஆபீசர்களும் வந்து தேங்காய் உடைத்தார்கள். கம்ப்யூட்டருக்குச் சந்தனப் பொட்டு.

மெசேஜ் போகிறது, பாதி லாரி நகரவில்லை. கும்மிடிப்பூண்டியிலிருந்து போன் மேல் போன். கரி தீருது, பாய்லர் நின்னுடும் என்று.

"மெசேஜ் போயிருக்கே, வண்டி ஏன் வரல? நீ எதை அமுக்கினே?" ஆபீசர் எல்லார் எதிரிலும் யூசுப்பைக் கேட்டார். அவன் முகம் சுண்டிவிட்டது. எனக்கு இனித்தது. ஒரு டீ கூடுதல்.

வீட்டுக்கு வந்தால் சரோஜா பத்ரகாளி. காலையில் செல்லை டிவி மேல் சார்ஜில் மறந்து போயிருந்தேன்.

"காத்தாலேந்து கீய் கீய்னு கத்திக்கினே கீது! யாருய்யா அவ?"

பார்த்தேன். எல்லாம் லாரி நம்பர். செல் இல்லாதவன் எல்லாம் என் நம்பரைக் கொடுத்திருக்கிறான்!

15-6, வியாழன்
டிரைவர் கண்ணனைப் பிடித்தேன். "இன்னாடா பண்ணி வெச்சிக்கிறீங்க?"

"டர்னு நீதானேண்ணா கூப்புடுவே? அதான் உன் நம்பரு."

அவனுக்கு ஒரு பீடி கொடுத்தேன்.

யாரிடமும் சொல்லவில்லை. செல்லை ஆஃப் பண்ணிப் பையில் போட்டேன். சும்மா இருந்தால் யூசுப் காலி, நான் பழையபடி. லாரிகள் இன்றும் நின்றன.

மத்தியானம் யூசுப் சோற்றுப் பையைப் பிரிக்கவே இல்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"நைனா, நாளைக்கு என்னை அனுப்பிடுவாங்கோ போலக்குது. நீயாவது நல்லா இரு."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். செல்லை ஆன் பண்ணி அவன் மடியில் போட்டேன். கொட்டுகிறது மெசேஜ். படித்தான். சிரித்தான் பாவி, கண்ணில் தண்ணி வரும்வரை.

16-6, வெள்ளி
யூசுப் தொழுகைக்குப் போய் வந்ததும் கூட்டம். முடிவு: செல் இல்லாத டிரைவர்களின் மெசேஜ் என் செல்லுக்கே வரும். நான் கத்திக் கூப்பிட வேண்டும். கடைசி டிரைவரும் செல் வாங்கும்வரை எனக்கு வேலை உண்டு.

யூசுப்தான் பேசி வாங்கிக் கொடுத்தான். நல்ல பேரும் அவனுக்கே. ஆபீசர்கள் வரிசையாக அவன் கையைக் குலுக்கினார்கள். என்னிடம் டீ சொல்லச் சொன்னார்கள். இதற்கு அவன் கெட்டவனாகவே இருந்திருக்கலாம்.

17-6, சனி
தூறல். யார்டு கறுப்புச் சேறு.

கண்ணன் புது செல்லோடு வந்து நின்றான். மாமியார் வாங்கித் தந்ததாம். கலர் திரை.

"எப்டிண்ணா கீது?"

"சூப்பர்டா. புது மாப்ள மாரியே கீற."

கரிக்குவியலில் விழுந்து தொலையட்டும் அந்தச் செல்.