தம்பியின் வலது தோள்

இன்று காலைப் பூசையில் எனக்கு முன் பெஞ்சில் இருந்த பெரியவர் நீலகிரித் தைலம் தேய்த்துக்கொண்டு வந்திருந்தார். பிரசங்கம் முழுவதும் அந்த வாசனைதான். கோவிலில் கவனம் சிதறுவது எனக்குப் பிடிக்காது. கன்னியாஸ்திரீகள் என்னை அப்படி வளர்க்கவில்லை. ஆனாலும் நற்கருணை வாங்கிவிட்டு இடத்துக்குத் திரும்பும்போது நான் நினைத்துக்கொண்டிருந்தது என் தம்பியின் வலது தோளைத்தான். அதைப் பற்றிப் பேச உங்களைத் தவிர வேறு ஆள் எனக்கு இருந்ததில்லை. ஆகவே எழுதுகிறேன்.

யுத்தம் முடியப்போகிற சமயம். நீங்கள் மதுரையில் ஒரு கல்லூரியில் விளையாட்டு ஆசிரியர். மைதானத்தை ஒட்டிய சின்ன வீட்டில் நாம் குடியிருந்தோம். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. என் தம்பி அதே கல்லூரியில் விடுதியில் தங்கிப் படித்தான், உங்கள் கிரிக்கெட் அணிக்கு வேகப்பந்து வீசினான். நீங்கள் எளிதில் யாரையும் புகழ்கிறவர் இல்லை. அவனைப் பற்றி மட்டும், "பந்து கையை விட்டுப் போறது தெரியல, வந்து சேர்றதுதான் தெரியுது" என்றீர்கள்.

மற்ற கல்லூரிகளில் அப்படி ஒருவன் கிடைத்தால் காலையில் பந்தைக் கொடுத்துச் சாயங்காலம்தான் திரும்ப வாங்குவார்கள். கை வலித்தால் தைலம் தேய்ப்பார்கள். அதற்கும் கேட்காவிட்டால் அடுத்த வருஷம் வேறொரு பையன் வருவான். நீங்கள் அவனுக்குச் சில ஓவர்கள்தான் தருவீர்கள். நன்றாகப் போட்டுக்கொண்டிருக்கும்போதே நிறுத்துவீர்கள். மேட்ச் முடிந்த மறுநாளே, "ஊருக்குப் போ. பந்தத் தொடாத. சாப்பிடு, தூங்கு" என்று பஸ் ஏற்றி அனுப்பிவிடுவீர்கள்.

ஊருக்குப் போனவன் ஒவ்வொரு தடவையும் போனதைவிட மோசமான கையோடு திரும்பி வந்தான். அவன் நம் வீட்டுக் கண்ணாடி முன் நின்று தலை சீவியதை நான் பார்த்தேன். கையைத் தலைக்குத் தூக்கவில்லை. தலையைத் தாழ்த்திக் கைக்குக் கொண்டுபோனான். உங்களிடம் சொன்னேன். நீங்கள் அவனை முன்னறையில் நிறுத்தி, மணிக்கட்டைப் பிடித்துக் கையை உயர்த்தினீர்கள். காது வரை வந்தது. அதற்கு மேல் வரவில்லை.

"எவனுக்குப் போட்டுட்டு வந்த?"

"யாருக்கும் போடல."

"அருப்புக்கோட்டையில பந்தயம் கட்டி ஆடுறானுக. ஒன்னயக் கூப்பிட்டிருப்பானுக. ஏலே, எங்கிட்ட நடிக்காத."

"யாருக்கும் போடல சார்."

வீட்டில் அவன் உங்களை அத்தான் என்றுதான் கூப்பிடுவான். அன்று சார் என்றான். பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுக்கும் மேட்ச் அடுத்த பருவத்தில் வர இருந்தது. இப்படியே இருந்தால் அவன் பெயரைக் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு நீங்கள் மைதானத்துக்குப் போய்விட்டீர்கள். அவன் காப்பியைக் குடிக்காமல் விடுதிக்குப் போனான்.

அடுத்த முறை அவன் ஊருக்குப் போன மறுநாள், யாருக்கும் சொல்லாமல் நானும் கிளம்பினேன். பெட்ரோல் கிடைக்காத காலம்; கரி போட்டு ஓட்டிய பஸ் அருப்புக்கோட்டை வருவதற்குள் மூன்று இடத்தில் நின்றது. அங்கிருந்து திருச்சுழி போகிற வண்டியைப் பிடித்து, ஊர்ப் பாதை பிரியும் விலக்கில் இறங்கி நடந்தேன். கரிசல் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. இரண்டு வருஷமாகச் சரியான மழை இல்லை.

வீட்டில் அம்மா உட்கார்ந்திருந்தார்கள். வலது மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தது. விழுந்து எலும்பு விலகி, கோணலாகவே கூடிவிட்டிருந்தது.

"இது எப்ப?"

"லேசாச் சுளுக்கு. நீ எதுக்கு இந்த வெயில்ல வந்த?"

"தம்பி எங்க?"

"இங்கதான் எங்கயாச்சும் நிப்பான்."

அவன் வாசலில் நின்றான். பித்தளைக் குடம் வலது தோளில். உச்சி வெயிலில் கிணற்றடியில் பெண்கள் இருக்க மாட்டார்கள் என்று அந்த நேரத்தைப் பிடித்திருக்கிறான்.

"நீ வாரேன்னு சொல்லவே இல்லையேக்கா."

"சொல்லியிருந்தா கொடத்த ஒளிச்சு வச்சிருப்பியோ?"

அவன் சிரித்தான். அம்மா சிரிக்கவில்லை. "ஒங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு நாந்தான் சத்தியம் வாங்குனேன். தெரிஞ்சா மதுரைக்கு வாங்கன்னு நிப்ப. மக வீட்டுல போயி ஒக்காந்து சாப்பிடுறதா? நம்ம சனத்துல எவ போயிருக்கா? அவன் லீவுல வாரப்ப தொட்டி நெறைய எறச்சு ஊத்திட்டுப் போறான். அது தீர்றதுக்குள்ள அடுத்த லீவு வந்துருது."

குடிக்கிற தண்ணீர்க் கிணறு ஊருக்கு வெளியே இருந்தது. கப்பி உடைந்து போய்விட்டது. கல் விளிம்பில் கயிறு அறுத்த தடங்களின் மேலே கையால்தான் இழுக்க வேண்டும். தண்ணீர் அடியில் கிடந்தது. நீங்கள் மைதானத்தில் நிறுத்திய பந்துவீச்சை அவன் அங்கே போய் முடித்துக்கொண்டு வந்திருக்கிறான்.

தந்தி கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வந்தீர்கள். வந்ததும் குடத்தை எடுத்துக்கொண்டு, வெள்ளைக் கால்சட்டையும் கான்வாஸ் சப்பாத்துமாக நேராகக் கிணற்றுக்குப் போனீர்கள். அங்கே நின்ற பெண்கள் வாயை மூடவில்லை.

"ஆத்தி, மதுர மாப்பிள்ளைக்குத் தண்ணி எறைக்கிற வேல வந்துருச்சுடி!"

"அவுக எறைக்கட்டும், நமக்கும் ஒரு கொடம் சேத்து எறச்சுத் தருவாக."

நீங்கள் இறைத்து, தூக்கிவந்து, அம்மாவின் முன்னால் குடத்தை இறக்கி வைத்தீர்கள். தோளை ஒரு முறை சுழற்றிப் பார்த்தீர்கள். "இதுவும் பௌலிங்தான்" என்றீர்கள். பிறகு அவனைப் பாயில் உட்காரவைத்து நீங்களே எண்ணெய் போட்டு நீவிவிட்டீர்கள். முன்னறையில் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் வார்த்தை எதுவும் உங்கள் வாயிலிருந்து வரவில்லை. "வலிக்குதா?" என்றீர்கள். "இல்ல அத்தான்" என்றான்.

சாப்பிடும்போது என்னைப் பார்த்தீர்கள். "மேட்ச் முடியுற வரைக்கும் நீ இங்க இருக்கியா?"

நான் எட்டு வருஷம் கான்வென்ட் விடுதியில் இருந்தவள். வாளி பிடித்தது இல்லை. அந்த ஊரில் என்னை யார் யார் எப்படிப் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அம்மா மகள் வீட்டுக்கு வர மாட்டார்கள். மகள் அம்மா வீட்டில் இருப்பதை யாரும் குறை சொல்ல முடியாது. அவன் பெயர் பட்டியலில் ஏற வேண்டும் என்றால் வேறு வழி இல்லை. இருக்கிறேன் என்றேன்.

முதல் நாள் கிணற்றடியில் ஒருத்தி கேட்டாள்: "ஏந்தாயி, வாளிகிட்ட இங்கிலீசுல சொன்னாத்தான் எறங்குமோ?" எல்லோரும் சிரித்தார்கள். "தமிழ்ல சொன்னா ஒங்களுக்கு மட்டுந்தான் எறங்குது" என்றேன். அதற்கும் சிரித்தார்கள். உள்ளங்கை தோலுரிந்து, பிறகு காய்த்தது. நீங்கள் விடுதிச் சாப்பாட்டில் இளைத்துப்போனீர்கள். அவன் ஊர்ப்பக்கம் வரவே இல்லை. கை முழுவதும் உயர்கிறது என்று நீங்கள் எழுதினீர்கள்.

மேட்சுக்கு நான் வந்தேன். கூடாரத்தில் சென்னையிலிருந்து வந்த தேர்வாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள். தம்பி மூன்று பேரை அவுட்டாக்கிவிட்டான். நான்காவது ஆள் அவன் பந்துக்குத் தடுமாறிக்கொண்டிருந்தபோது, எல்லை அருகே நின்ற நீங்கள் கேப்டனுக்குக் கையைக் காட்டினீர்கள். பந்தை வாங்கிவிட்டார்கள்.

தேர்வாளர் ஒருவர் உங்களைக் கூப்பிட்டார். "என்ன, பையன் அதுக்குள்ள களைச்சுட்டானா?"

"இல்ல சார். களைக்கிறதுக்கு முன்னாடி எடுத்துட்டேன்."

"நாள் முழுக்கப் போடுறவன்தான் எங்களுக்கு வேணும்."

நீங்கள் தலையாட்டினீர்கள். ஆனால் சாயங்காலம் வரை அவனுக்குப் பந்தைக் கொடுக்கவில்லை. எதிர் அணியில் நாள் முழுக்கப் போட்டவனைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தப் பையன் அடுத்த வருஷம் எங்கும் ஆடவில்லை என்று பிறகு கேள்விப்பட்டோம். அதை நீங்கள் ஒருமுறைகூட உங்கள் பக்கத்து நியாயமாகச் சொன்னதில்லை என்பதை நான் கவனித்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "நான் அங்க கெடந்து தண்ணி எறச்சது இதுக்கா?"

"நீ எறச்சது மேட்சுக்கு இல்ல. அவன் கைக்கு" என்றீர்கள்.

நான் மேற்கொண்டு பேசவில்லை. நீங்கள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டீர்கள்.

தம்பிக்கு வேறு வாய்ப்பு வரவில்லை. அருப்புக்கோட்டையில் நூல் வியாபாரிகளிடம் கணக்கெழுதினான். நாற்பது வயதுக்கு மேலும் ஞாயிற்றுக்கிழமைகளில் பந்துவீசினான். கை அவனை ஒரு நாளும் கைவிடவில்லை. போன மாதம் வந்தபோது அவனிடமே கேட்டுவிட்டேன், அன்று அத்தான் செய்தது சரியா என்று. கையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினான். "இது இருக்குல்லக்கா" என்றான். பிறகு கையை இறக்கிவிட்டு, "இன்னும் ரெண்டு ஓவர் குடுத்திருக்கலாம்" என்றான்.

இத்தனை வருஷம் உங்களோடு வாழ்ந்து பல விஷயங்களில் உங்கள் பேச்சை ஏற்றுக்கொண்டிருக்கிறேன். இதில் மட்டும் இல்லை. நீங்கள் கைக்கு என்றீர்கள். நான் இறைத்தது மேட்சுக்குத்தான்.