வேனிலேயே தீர்ந்துபோன பேச்சு

அண்ணி, இன்று காலையும் என் சமையலறைக்குள் நீங்கள் வந்துவிட்டீர்கள். சோறு கொதிக்கிற ஆவியில் பாண்டான் இலையின் மணம். மூடியைத் திறந்து பார்த்தால், நீள இலையை முடிச்சுப் போட்டு அரிசிக்குள் அமுக்கி வைத்திருக்கிறாள் என் மகள் மதி. "ரசத்துக்கு இந்த வாசம் சேராதுடி" என்றேன். "அத்தை வீட்ல ரசத்துக்கும் இப்படித்தாம்மா போடுவாங்க, நல்லா இருக்கும்" என்றாள். உங்கள் பேச்சு வந்துவிட்டால் இந்த வீட்டில் வாதம் அதோடு முடிந்தது. நீங்கள் போய் அரை வருஷம் ஆகப்போகிறது, இன்னும் என் அடுப்பில் உங்கள் ஆட்சிதான். சோறு நன்றாகத்தான் இருந்தது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

உங்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுத எங்கள் தாமான் குடியிருப்பில் வீட்டுக்கு வீடு ஆள் இருக்கிறது. அவர்கள் எழுதட்டும். நான் வயிற்றெரிச்சலோடுதான் எழுதுகிறேன். உயிரோடு இருந்தபோதே உங்களுக்கு அது தெரியும் என்று நினைக்கிறேன். தெரிந்தும் தெரியாததுபோல "சாப்ட்டியா" என்று கேட்பதில் நீங்கள் கெட்டிக்காரி.

என்னைக் கட்டிய உங்கள் தம்பி குடிக்கிறவர் இல்லை, கை நீட்டுகிறவரும் இல்லை. வீட்டுக்குள் பேசமாட்டார், அவ்வளவுதான். பேச்சே வராத மனிதர் போலிருக்கிறது என்று நானும் வருஷக்கணக்கில் நம்பிக்கொண்டிருந்தேன். பிறகுதான் தெரிந்தது, வேறொரு வீட்டில் போய் மணிக்கணக்காகப் பேசியிருக்கிறார். கும்பகோணத்தில் இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் கூடி, "ஆம்பளைன்னா அப்படி இப்படித்தான் இருப்பான், பொறுத்துப் போம்மா" என்று தீர்ப்புச் சொன்ன அன்று, நீங்கள் வாழ்க்கைப்பட்டுப் போன ஜொகூர் பாருவிலிருந்து உங்கள் போன் வந்தது. "பொறுத்தது போதும். பிள்ளைய தூக்கிட்டு இங்க வா. தெரிஞ்ச கம்பெனில கணக்கு வேலைக்கு ஆளு தேடுறாங்க. மத்தத நான் பாத்துக்கிறேன்." சொந்தத் தம்பிக்கு எதிராக ஓர் அக்கா பேசி எங்கள் பக்கம் யாரும் கேட்டதில்லை. உங்கள் பிறந்த வீட்டில் அன்றோடு உங்கள் போனை எடுப்பதை நிறுத்தினார்கள்.

கோர்ட்டில் பிள்ளையை என்னிடமே விட்டார்கள். வெளிநாடு கூட்டிப்போகவும் உங்கள் தம்பி மறுப்புச் சொல்லாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்த ஒரு விஷயத்தில் அவர் தாராளம். விமானத்தில் என் மடியில் தூங்கிய மதிக்கு அப்போது ஐந்து வயது. அவள் தலையைத் தடவிக்கொண்டே நினைத்தேன்: வீடு போனது, ஊர் போனது, போனால் போகட்டும். இவள் முழுக்க எனக்கு, இனி யாரோடும் பங்கு கிடையாது. இறங்கி வெளியே வந்தால், வாசலில் நீங்கள் நிற்கிறீர்கள். புது ஆளைக் கண்டால் வீறிடுகிற பிள்ளை, தூக்கக் கலக்கத்தில் என் தோளிலிருந்து உங்கள் தோளுக்குச் சத்தமில்லாமல் மாறிவிட்டாள். எனக்குச் சுருக்கென்றது. பயணக் களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

பள்ளிப் பிள்ளைகளை வேனில் ஏற்றி இறக்குவது உங்கள் தொழில். உங்கள் வீட்டுக்காரரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவர் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி சிங்கப்பூர் வேலைக்குப் போய்விடுவார். என் அலுவலகம் பாசிர் கூடாங்கில் இருந்தது. இருட்டோடு பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் வீடு. உங்கள் வீட்டுக்குப் பின் வரிசையில் வாடகைக்கு இருந்ததால் மதியைப் பற்றி எனக்குக் கவலை இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். காலையில் வேனில் முதலில் ஏறுவதும் அவள்தான், மதியம் கடைசியாக இறங்குவதும் அவள்தான். உங்கள் பக்கத்து முன் இருக்கை அவளுக்கென்றே இருந்தது. மற்றப் பிள்ளைகளெல்லாம் இறங்கிப் போனபிறகு நீங்கள் இருவர் மட்டும். டீச்சர் யாரைத் திட்டினார், யார் யாரோடு டூ விட்டாள், யாருடைய பல் விழுந்தது என்று அவள் சொல்லச் சொல்ல, "ம், அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே ஓட்டுவீர்களாம்.

நான் வந்து, முகம் கழுவி, ஆசையாகப் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னிக்கு ஸ்கூல்ல என்னடி நடந்துச்சு" என்பேன். "ஒன்னும் இல்லம்மா. அத்தைகிட்ட எல்லாம் சொல்லிட்டேன்" என்பாள். ஒரு தடவை சொன்ன கதையை மறுபடி சொல்ல எந்தப் பிள்ளைக்குப் பிடிக்கும். பேசாத மனிதரை விட்டுக் கடல் தாண்டி வந்தேன் அண்ணி, இங்கேயும் எனக்கு வாய்த்தது பேசாத வீடு. அப்பா பேச்சையெல்லாம் இன்னொரு வீட்டில் கொட்டிவிட்டு வந்தார், மகள் உங்கள் வேனில் கொட்டிவிட்டு வந்தாள். அக்காவும் தம்பியும் சேர்ந்து என்னை ஒரு வழி செய்துவிட்டீர்கள் என்று ஆத்திரம் ஆத்திரமாக வரும்.

பேச்சு மட்டுமா. ஒரு வருஷத்துக்குள் அவள் வாயில் உங்கள் தமிழ் ஏறிவிட்டது. "அலமாக், மழை வந்துருச்சு லா" என்று அவள் ஜன்னலைச் சாத்தும்போது நீங்கள் ஓடிவந்து சாத்துவதுபோலவே இருக்கும். என்னைப் பார்த்து, "அம்மா, நீங்க இந்தியா தமிழ் பேசுறீங்க" என்றாள் ஒரு நாள். நீங்களும் கும்பகோணத்தில் பிறந்தவர்தான் என்று சொன்னேன், நம்பவில்லை. தீபாவளிக்கு அண்ணனின் சொந்த ஊரான சாஆவுக்குப் போனால், அவருடைய சித்தி மதியின் கன்னத்தை வழித்து, "அப்படியே அத்தை ஜாடை லா" என்பார். ஜாடை இருக்கத்தான் செய்தது. உங்கள் குடும்பத்து மூக்கு அது. நீங்களோ வாய் நிறையச் சிரித்துக்கொண்டு, "அவங்க அம்மா மாதிரிதான் புத்தி" என்பீர்கள். மூக்கை எடுத்துக்கொண்டு புத்தியை எனக்குத் தள்ளிவிடுவது எவ்வளவு சுலபம்.

ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். உங்களுக்குப் பிள்ளை இல்லாததால் பழமொழியின் முதல் பாதியோடு நிறுத்திக்கொண்டீர்கள் என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன். கெட்ட வார்த்தைதான். எரிகிற வயிறு நல்ல வார்த்தை தேடாது.

ஆறாம் ஆண்டு படிக்கும்போது மதி பெரியவளானாள். பள்ளி விட்டு வரும் வழியில் உங்களிடம்தான் சொன்னாள். நீங்கள் மற்றப் பிள்ளைகளை இறக்கிவிட்டு, வேனை நேராக என் அலுவலக வாசலுக்கே ஓட்டிவந்துவிட்டீர்கள். "உங்கம்மாகிட்ட நீயே சொல்லு" என்று கதவைத் திறந்துவிட்டீர்கள். அவள் என் முகத்தைப் பார்த்தாள், கூச்சப்பட்டாள், உங்கள் பின்னால் ஒதுங்கினாள். கடைசியில் செய்தி எனக்கு உங்கள் வாயால்தான் வந்தது.

முதல் தண்ணீர் ஊற்றுவது எங்கள் பக்கம் அத்தை முறை. பெற்றவள் தள்ளித்தான் நிற்க வேண்டும். நீங்கள் மஞ்சள் கரைத்த செம்பை என்னிடம் நீட்டி, "நீயே ஊத்து. இங்க யாரு பாக்கப் போறா" என்றீர்கள். "முறைன்னு ஒன்னு இருக்குல்ல அண்ணி" என்று நான்தான் வீம்பாக மறுத்தேன். சொன்ன பிறகு யோசித்தேன், எந்த முறை? உங்களை என் மகளுக்கு அத்தையாக்கிய மனிதரை நான் தலைமுழுகிவிட்டு வந்தாயிற்று. அவரோடு போயிருக்க வேண்டிய அத்தை எப்படித் தங்கினார்? தண்ணீர் தலையில் விழுந்ததும் மதி உடம்பு சிலிர்த்து உங்கள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். நான் துண்டோடு நின்றேன்.

அடுத்த வாரமே கிள்ளான் கிளைக்கு மாற்றம் கேட்டேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நாடு மாறியவளுக்கு ஊர் மாறுவது ஒரு பெரிய காரியமா. ஜொகூரை விட்டுப் போய்விட்டால், பேசுவதற்கு அவளுக்கு என்னைத் தவிர ஆள் இருக்காது. அது ஒன்றுதான் காரணம். உங்களிடம் சம்பள உயர்வு என்றேன்.

நீங்கள் அப்போது வேனைக் கழுவிக்கொண்டிருந்தீர்கள். ரப்பர் குழாயை மூடாமல், திரும்பாமல், "போ லா. பிள்ளை உன்னுது. உன்கூடதான் இருக்கணும்" என்றீர்கள். நீங்கள் தடுப்பீர்கள், நான் ஒரு பாட்டம் சண்டை போடலாம் என்று தயாராக வந்திருந்தேன். அந்தச் சண்டை நடக்கவே இல்லை.

அதற்கு அடுத்த திங்கட்கிழமை மாலை வீட்டுக்கு வந்தால் மதி சோபாவில் முகம் வீங்கி உட்கார்ந்திருந்தாள். "அத்தை என்னைய பின்னாடி உக்கார சொல்லிட்டாங்கம்மா. முன்னாடி ஒன்னாம் வகுப்பு பாப்பாவ வச்சிக்கிட்டாங்க. ரேடியோவ சத்தமா வச்சிட்டாங்க, நான் பேசுனா கேக்கவே மாட்டேங்குறாங்க." மறுநாளும் அப்படித்தான், அதற்கு மறுநாளும். முதலில் அழுதாள். பிறகு அழுகையோடு கொஞ்சம் கதையும் வந்தது. இரண்டு மூன்று வாரத்தில் நான் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவாள். சாப்பிடும்போது, பாத்திரம் கழுவும்போது, நான் புடவை மாற்றும்போது கதவுக்கு வெளியே நின்றுகொண்டு. டீச்சர், தோழிகள், கணக்குப் பரீட்சை, எல்லாம் சூடாக எனக்கே முதலில். என் நெஞ்சு குளிர்ந்தது அண்ணி. உங்களுக்கும் அவளுக்கும் ஏதோ மனக்கசப்பு என்று நினைத்துக்கொண்டேன். அந்த வாரம் நான் பாயசம்கூட வைத்தேன். கிள்ளான் வேண்டாம் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டேன். ஜெயித்தவள் எதற்கு ஊர் மாற வேண்டும்.

பிறகு மதி இடைநிலைப் பள்ளிக்குப் போனாள், வேன் தேவைப்படவில்லை. உங்களோடு பழையபடி சிரிப்பும் சாப்பாடும் திரும்பியது. ஆனால் கதை முதலில் என்னிடம் வந்துவிட்டுத்தான் உங்களிடம் போகும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு திருப்தி. உங்கள் உடம்பில் நோய் பரவியிருந்தது எங்களுக்குத் தெரிந்தபோது நேரம் கடந்துவிட்டிருந்தது. மருத்துவமனையிலும் "நீ சாப்ட்டியா" என்றுதான் கேட்டீர்கள்.

சாவு வீட்டில் மதியைச் சுற்றித்தான் கூட்டம். நீங்கள் ஏற்றி இறக்கிய பிள்ளைகள் வளர்ந்து, தங்கள் பிள்ளைகளோடு வந்திருந்தார்கள். ஒவ்வொருவரும் அவள் கையைப் பிடித்து அழுதார்கள். ஓர் அம்மா என்னைப் பார்த்து, "நீங்க யாரும்மா, ஊர்லேருந்து வந்தவங்களா?" என்று கேட்டார். மதியின் அம்மா என்றேன். "ஓ, வேன் அக்கா பொண்ணோட அம்மாவா" என்றார். அழுகிற நேரத்தில் இப்படிக் கோபம் வருமா என்றால், எனக்கு வந்தது. உங்கள் தம்பி கும்பகோணத்திலிருந்து போனில் வீடியோ வழியாகப் பார்த்தார். அப்போதும் பேசவில்லை.

காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு அண்ணன் என்னைக் கூப்பிட்டார். தரையில் உட்கார்ந்து வாழை இலைகளைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "நீ கிள்ளான் போறேன்னியே, ஞாபகம் இருக்கா? அன்னிக்கு ராத்திரி அவ சொன்னா, 'அந்த பிள்ளை பேச்செல்லாம் என்கிட்ட கொட்டித் தீத்துட்டு வெறும் வாயோட வீட்டுக்குப் போகுதுங்க. பெத்தவளுக்கு மிச்சம் வைக்கணும்ல'ன்னு. மதிய பின்னாடி உக்கார வச்சிட்டு அவ பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வேன நிறுத்திட்டு வந்து பாத்ரூம்ல குழாய தொறந்து விட்டுட்டு அழுவா. சத்தம் கேக்கக்கூடாதாம்."

நான் எழுந்து வந்துவிட்டேன். அவர் என்னை நன்றி கெட்டவள் என்று நினைத்திருக்கலாம். நன்றி வரவில்லை அண்ணி, பொல்லாத ஆத்திரம்தான் வந்தது. நான் ஜெயித்தேன் என்று இத்தனை வருஷம் வைத்திருந்தது நீங்கள் விட்டுக்கொடுத்ததா? நான் வைத்த பாயசத்தில் ஒரு கிண்ணம் உங்களுக்கும் கொடுத்தனுப்பினேனே, அதை எப்படிக் குடித்தீர்கள்? என் பிள்ளை என்று நான் இழுத்துப் பிடித்தேன், அது யாராலும் முடியும். அவளை அழவிட்டு, பின்னால் திரும்பிப் பார்க்காமல் வேன் ஓட்ட என்னால் ஒரு நாள் முடியாது. அவளை நேசிப்பதிலும் நீங்கள்தான் முந்தி. இந்தப் பொறாமையை உங்கள் சிதையோடு விட்டுவிட்டு வரலாம் என்று பார்த்தேன், கூடவே வீட்டுக்கு வந்துவிட்டது. இருக்கட்டும் என்று வைத்திருக்கிறேன். உங்களிடமிருந்து எனக்கென்று வந்த சொத்து அது ஒன்றுதான். மற்றதெல்லாம் மதிக்கு வந்தது.

போன சனிக்கிழமை இருவரும் உட்கார்ந்து காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தோம். மதி ஒரு தோழியோடு நடந்த சண்டையைச் சொல்லிக்கொண்டே போனாள். கண் கலங்கியிருந்தது, கை தன் பாட்டுக்கு மடித்துக்கொண்டிருந்தது. பாதியில், "எல்லார் முன்னாடியும் அவ அப்படி பேசலாமா, அத்தை?" என்றாள்.

என்னை அத்தை என்று கூப்பிட்டது அவளுக்கே தெரியவில்லை. என் அடிவயிற்றில் பழைய நெருப்பு அப்படியே பிடித்தது. நான்தாண்டி உன் அம்மா என்று நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் அவள் திடுக்கிட்டு நிறுத்திவிடுவாள், யார் இல்லை என்பது அந்த இடத்தில் அவளுக்கு மறுபடி தெரிந்துபோகும்.

"பேசக்கூடாதுதான். நீ சொல்லு" என்றேன், அத்தையாகவே இருந்துகொண்டு.