வாசல்படி ஏழரை அங்குலம்

மார்ச் 3

அன்புள்ள பெரியவனுக்கு,

அப்பா சொல்லச் சொல்ல, இங்கே ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் டீச்சரம்மா எழுதுகிறார். எனக்குப் பக்கவாதம் வந்து இருபத்தாறு நாள் ஆகிறது. வலது கையும் காலும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. நாக்கும் அவற்றோடு கூட்டு சேர்ந்துகொண்டது. அன்றைக்குப் போனில் நான் பேசியது புரியாமல் "யாருங்க, ராங் நம்பர்" என்று வைத்துவிட்டாய். உன்மேல் தப்பில்லை, எனக்கே அது யார் குரலோ போலத்தான் இருந்தது. இந்தக் கடிதமும் ஒரு பயிற்சிதானாம். "பெரியவன்" என்று தெளிவாக வர ஐந்து தடவை ஆனது.

டாக்டர் காலையில் இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டுப் போகிறார். மற்ற நேரமெல்லாம் நான் இவர்கள் கையில்தான். நடக்க வைப்பவர் பிசியோ தம்பி. "தாத்தா, வீட்டுக்குப் போனா எத்தனை படி ஏறணும்? கதவு எவ்வளவு அகலம்? அதுக்குத் தக்கபடிதான் பயிற்சி" என்றார். இத்தனை வருஷம் தங்கிப் பார்த்த வாட்ச்மேன் வேலைக்கு இனி என்னை யாரும் வைத்துக்கொள்ள மாட்டார்கள். அதனால் நம் வீட்டைத்தான் சொன்னேன். ஒரு டேப் எடுத்து அளந்து அனுப்பு. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நாம் கோபத்தில் பேசிக்கொண்டதையெல்லாம் விடு. மருமகளையும் பாப்பாவையும் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
அப்பா
(இடது கைப் பெருவிரல் ரேகை. வலது கை லீவு போட்டிருக்கிறது.)

மார்ச் 19

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதம் பார்த்துப் பதறிப்போனேன். போனில் வந்தது நீங்கள் என்று சத்தியமாகத் தெரியாது. மன்னித்துவிடுங்கள். இங்கே வேலை கழுத்தை நெரிக்கிறது, பாப்பாவுக்குப் பரீட்சை வேறு. அளவுகளைக் கொஞ்சம் பொறுத்து அனுப்புகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகன்

ஏப்ரல் 8

அன்புள்ள பெரியவனுக்கு,

அளவு வரவில்லை. பரவாயில்லை. அந்த வீட்டைக் கட்டின கொத்தனாரே நான்தானே? எனக்கு எழுத்துதான் தெரியாது, அங்குலம் தெரியும். வாசலில் மூன்று படி. முதல் படி ஏழரை, மற்ற இரண்டும் ஏழு. அந்த அரை அங்குலத்தில் உங்கம்மா இடறாத நாள் கிடையாது. "ஊருக்கெல்லாம் ஒழுங்கா கட்டுறீங்க, நமக்கு மட்டும் கோணலா?" என்பாள். கதவு முப்பது அங்குலம்.

பிசியோ தம்பி பலகைகளை அடுக்கி அப்படியே செய்துவிட்டார். "இதான் உங்க வாசல், தாத்தா. ஏறும்போது நல்ல கால் முதல்ல, இறங்கும்போது கெட்ட கால் முதல்ல" என்று தினமும் பாடம். நேற்று மூன்று படியும் ஏறிவிட்டேன். வார்டே கை தட்டியது. ஏறி நின்றால் எதிரே வெறும் சுவர். இருந்தும், உள்ளேயிருந்து யாராவது "யாரது?" என்று கேட்பார்கள் போல ஒரு நிமிஷம் நின்றேன்.

நாலு மணிக்கு எல்லோருடைய ஆட்களும் பார்க்க வருவார்கள். அந்த நேரம் நான் தூங்குகிற மாதிரி படுத்துக்கொள்வேன்.

அப்பா

ஏப்ரல் 20

அன்புள்ள அப்பாவுக்கு,

சொல்லாமல் இருந்தது என் தப்பு. நீங்கள் என் பேருக்கு எழுதிக் கொடுத்த அந்த வீடு இப்போது இல்லை. இடித்து நாலு வருஷம் ஆகிறது. அங்கே எழும்பிய கட்டடத்தில் மூன்றாம் மாடியில் இருக்கிறோம். லிப்ட் கிடையாது. நாற்பத்துநாலு படி, நடுவில் திருப்பங்கள். இருப்பது இரண்டு அறை, ஒன்றில் பாப்பா படிக்கிறாள். பாத்ரூம் கதவு இருபத்திரண்டு அங்குலம், வாக்கர் நுழையாது. உங்கள் மருமகளும் வேலைக்குப் போவதால் பகலில் ஆள் இல்லை. எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அங்கே இருப்பவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள்.

உங்கள் மகன்

மே 2

அன்புள்ள பெரியவனுக்கு,

கேட்டேன். "நாற்பத்துநாலா? ரெண்டு மாசம் குடுங்க, ஏத்திடலாம்" என்கிறார் பிசியோ தம்பி. குறுகின கதவில் பக்கவாட்டில் நுழையப் பழக்கலாமாம். பகலில் தனியாக எழுந்து உட்காரவும் சொல்லித்தருவாராம். எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு வழி இருக்கிறது. பிறகு மெதுவாக, "அதெல்லாம் சரி தாத்தா, உங்களை வரச்சொல்லி எழுதியிருக்காரா?" என்றார்.

டீச்சரம்மாவை மறுபடி வாசிக்கச் சொன்னேன். மூன்று தடவை வாசித்தார். படி இருந்தது, திருப்பம் இருந்தது, பாத்ரூம் கதவு இருந்தது. நாலாவது தடவை வாசித்தபோது கடைசியில் "வாங்கப்பா" என்று வந்தது. எனக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் ஒரு தடவை கேட்டது மறக்காது. நல்ல பெண். இதை எழுதச் சொன்னதும் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருக்கிறார்.

பத்தாம் தேதி என்னை ஒரு முதியோர் இல்லத்தில் சேர்க்கிறார்கள். பிசியோ தம்பி நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். எல்லாம் ஒரே மட்டத் தரையாம், படியே கிடையாதாம்.

அந்த வார்த்தையை நீயே எழுதியதாக வைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்: இப்போது வரத் தோதுப்படாது, மகனே. அந்த அறையில் பாப்பா படிக்கட்டும்.

அப்பா