உன்னை அழைத்துவர வாங்கிய வேன்

பிரம்மதேசம்,
ஞாயிறு, பூசை முடிந்து.

அன்பு மகன் மரிய அருணுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் மூச்சும் பேச்சுமாக இருக்கிறோம், அதில் உன் அப்பாவுக்கு ஒரு வாரமாகப் பேச்சு மட்டும் இல்லை, ஏன் என்று கீழே சொல்கிறேன். அந்த அயர்லாந்துக் குளிரில் நீ காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போய், வேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க மாதா துணை இருக்கட்டும். என்னடா, போன் இருக்கும்போது அம்மா கடுதாசி எழுதுகிறாளே என்று பார்க்காதே. போன் அடித்தால் உன் அப்பா ஸ்பீக்கரில் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்துகொள்கிறார், அவரைப் பற்றி அவர் முன்னாலேயே எப்படிப் பேசுவது. பெருமுக்கல் டீச்சர் மகள் கலைப்பிரியா அங்கே வருகிறாள், வறுத்த மல்லாட்டைக் கடலை உருண்டையோடு இதையும் அவள் பையில் வைத்து அனுப்புகிறேன்.

விஷயம் இதுதான். கிறிஸ்மசுக்கு வருகிறேன் என்று நீ சொன்ன நாளிலிருந்து அவருக்குத் தலைகால் புரியவில்லை. வாடகை வண்டியெல்லாம் வேண்டாம், சொந்தமாக ஒரு வேன் வாங்கி, குடும்பத்தையே ஏற்றிக்கொண்டு, மீனம்பாக்கத்திலிருந்து உன்னைத் தன் கையாலேயே ஓட்டிக்கொண்டு வரப் போகிறாராம். அப்புறம் அதை வேளாங்கண்ணிக்கு வாடகைக்கு விடலாமாம். எனக்கு இதில் சம்மதமே இல்லை, ஏனென்றால் உனக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். போன வருஷம் சவுக்கு வெட்டும்போது ஒரு கிளை விசிறி அவருடைய இடது கண்ணில் அடித்துவிட்டது. புதுச்சேரிக்குக் கூட்டிப்போய்க் காட்டினோம், நரம்பு போய்விட்டது, இனி பார்வை வராது என்று சொல்லிவிட்டார்கள். அந்தக் கண்ணில் வெளிச்சம் மட்டும்தான் தெரியும், ஆள் தெரியாது. அவன் அங்க தனியா கெடக்கறான், அவனுக்கு ஒண்ணும் சொல்லாதடி என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். அந்தச் சத்தியத்தைத்தான் இப்போது உடைக்கிறேன், பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லிக்கொள்கிறேன்.

வண்டி பார்க்க விழுப்புரத்துக்கு நானும் போனேன். ஐயோ, அந்தக் கண்றாவியை என்னவென்று சொல்வேன். கதவைத் திறந்ததுமே வாந்தி நாற்றம், அதன்மேல் மல்லிகைப்பூ சென்ட்டை அடித்து வைத்திருக்கிறான், இரண்டும் சேர்ந்து காலையில் குடித்த கேப்பைக் கூழைத் தொண்டைவரை கொண்டுவந்துவிட்டது. சீட்டுக்கு அடியில் பாக்கு எச்சில் காய்ந்து கருப்பாக ஒட்டிக் கிடக்கிறது, ஜன்னல் திரையில் எவனோ பிரியாணிக் கையைத் துடைத்திருக்கிறான். விற்கிறவன் கூசாமல், ரெண்டு நாள் வெயில்ல போட்டா ஸ்மெல்லு போயிடும்மா என்கிறான். உன் அப்பா இதையெல்லாம் எங்கே பார்த்தார், ஹாரன் அடித்துப் பார்க்கிறார், பாட்டுப் போட்டுப் பார்க்கிறார். அடுத்தது திண்டிவனத்தில், வெளியே பளபளவென்று இருந்தது. உள்ளே ஏறினால் ஆள் அதிகம் அடைக்க இரண்டு சீட்டை வெல்டிங் வைத்து, அவசரத்துக்கு இறங்கும் கதவையே மறித்து வைத்திருக்கிறான். தீப்பிடித்தால் எந்த வழியாக இறங்குவது என்று கேட்டேன். இன்னாம்மா, வண்டி வாங்க வந்துட்டு தீ கீன்னு பேசிக்கினு என்று சிரித்தான். தூ என்று துப்பத் தோன்றியது. கடைசியில் ஒரு பள்ளிக்கூடத்துக்காரர்கள் விற்ற வேன், பன்னிரண்டு பேர் உட்காரலாம், சுத்தமாக இருந்தது, அதைத்தான் வாங்கினோம். வண்டிமேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

லைசென்ஸ் கதை அதைவிட அசிங்கம். உன் அப்பாவிடம் இருந்தது கார் லைசென்ஸ், அதுவும் காலாவதியாகிக் கிடந்தது. டிரைவிங் ஸ்கூல்காரர் விவரமாகச் சொன்னார். ஏழரை டன்னுக்குள் இருக்கிற வேனுக்குக் கார் லைசென்ஸே போதுமாம், லாரி லைசென்ஸ் வேண்டாமாம். ஆனால் வெள்ளை போர்டு வண்டியில் வீட்டு ஆட்களைத்தான் ஏற்றலாம், காசு வாங்கி ஏற்றுவதென்றால் மஞ்சள் போர்டு, பர்மிட் எல்லாம் வேண்டும், இல்லாவிட்டால் ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ்காரன் கையை விரித்துவிடுவான். வயதானவர்கள் லைசென்ஸைப் புதுப்பிக்க டாக்டர் சான்றிதழும் வேண்டும். இவ்வளவையும் ஒழுங்காகச் சொல்லிவிட்டு அதே வாயால், வெள்ளை போர்டுலயே ஓட்டுங்க பெரியவரே, கேட்டா எல்லாம் சொந்தக்காரங்கன்னு சொல்லிக்கலாம் என்கிறார். உன் அப்பாவும் தலையாட்டுகிறார். மாதா கோயிலுக்குப் போகிற வண்டியில் வழியெல்லாம் பொய் சொல்லிக்கொண்டு போவதாம், எனக்கு உடம்பே கூசியது. அப்புறம் அந்த ஸ்கூல்காரர் எங்களை அனுப்பிவைத்த டாக்டர் இருக்கிறாரே, மேஜைமேல் பேப்பரை விரித்து பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவே இல்லை. ரெண்டு கண்ணும் நல்லா தெரியுதா என்றார். தெரியுதுங்க சார் என்றார் உன் அப்பா. நான் வாயைத் திறப்பதற்குள் என் கையைப் பிடித்து அழுத்தினார். அவ்வளவுதான் பரிசோதனை, எண்ணெய்க் கையோடு கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். சான்றிதழில் கட்டைவிரல் அகலத்துக்கு எண்ணெய்க் கறை, அதை வைத்துத்தான் லைசென்ஸும் வந்தது. இப்போதுகூட பஜ்ஜி வாசனை அடித்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

போன ஞாயிறு பூசைக்குப் பிறகு, சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரிக்க வேனைக் கோயிலுக்குக் கொண்டுபோனோம். உன் அத்தை சவுரியம்மாள் வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் சேர் போட்டு உட்கார்ந்திருந்தாள். கேட்டிலிருந்து உன் அப்பா வேனை வளைத்துக்கொண்டு வருகிறார், ஊரே பார்க்கிறது, முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அத்தை வெற்றிலை எச்சிலைத் துப்ப எழுந்து சுவர் ஓரம் போனாள். படக்கென்று சத்தம். இடது சக்கரம் சேரை அப்பளமாக நொறுக்கிவிட்டது. அதைக்கூட நான் தாங்கியிருப்பேன் அருண். அவர் வண்டியை நிறுத்தி, சிரித்துக்கொண்டே இறங்கி வந்து, இன்னாது சத்தம், எவன் சேரை ஒடச்சது என்று கேட்டார். அவருக்குத் தெரியவே இல்லை. உன் அக்கா ஜாக்குலின் வீட்டுக்காரர் உடனே, புது வண்டி மாமா, பிரேக்கு டைட்டு என்கிறார். கோயில் கமிட்டிக்காரர், சேரை யாரு அங்க போட்டது என்கிறார். எல்லோருக்கும் கண் விஷயம் தெரியும், ஒருத்தராவது வாயைத் திறக்க வேண்டுமே. விழுப்புரத்து வாந்தி நாற்றம்கூட எனக்கு இவ்வளவு குமட்டவில்லை. நேரே போய்ச் சாவியைப் பிடுங்கி இடுப்பில் சொருகிக்கொண்டேன். சாமி, இவருக்கு எடது கண்ணு தெரியாது, தீர்த்தத்த வண்டிக்குத் தெளிங்க, இவரு ஓட்றதுக்குத் தெளிக்காதீங்க என்று எல்லார் முன்னாலேயும் சொல்லிவிட்டேன். உன் அத்தை கண்ட இடத்தில் வெற்றிலை துப்புகிறாள் என்று கல்யாணமாகி வந்த நாளிலிருந்து திட்டிக்கொண்டிருந்தேனே, அன்றிலிருந்து ஒரு வார்த்தை சொல்வதில்லை.

அதோடு என்னுடன் பேச்சை நிறுத்திவிட்டார். காலையில் எழுந்ததும் வேனைத் துடைக்கிறார், டிரைவர் சீட்டில் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், காபியை அங்கேயே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். நேற்று மட்டும் என் முகத்தைப் பார்க்காமல், எம்புள்ளைய நான் கூப்டுக்கினு வரக் கூடாதா என்றார். அதற்காகச் சாவியை அவரிடம் கொடுத்துவிட முடியுமா. சாவி மாப்பிள்ளையிடம்தான் போகும், அவருடைய லைசென்ஸை வாங்கிப் பார்த்துவிட்டேன், செல்லும். ஆனால் ஊர் முன்னால் தலைகுனிய வைத்த நான் சொல்லி அவர் கேட்க மாட்டார், நீதான் சொல்ல வேண்டும். இந்தக் கடுதாசி வந்ததையும் கண்ணையும் பற்றி மூச்சு விடாதே. அடுத்த தடவை போனில், அப்பா, வண்டிய மச்சான் ஓட்டட்டும், நீங்க எங்கூடப் பின்னாடி உக்காந்து பேசிக்கினு வாங்க என்று நீயாகக் கேட்பது போலக் கேள்.

மாதா உன்னைக் கையில் ஏந்திக் கொண்டுவந்து சேர்க்கட்டும். என் ஆசீர்வாதமும், என்னோடு பேசாவிட்டாலும் உன் அப்பாவின் ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. ஏர்போர்ட்டில் எங்களைக் கண்டதும் நீ ஓடி வருவாய், எனக்குத் தெரியும். இடது பக்கமாக வராதே, அவருக்கு உன்னைத் தெரியாது. சுற்றிக்கொண்டு அவருடைய வலது பக்கமாக வந்து நில், கண்ணு.

உன் அம்மா,
இருதயமேரி தொம்மை